குறி தவறிய குண்டும் கதையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கதை எழுதுகிறவர்களோடு உட்கார்ந்து பேசினால் எப்படியும் ஒரு துப்பாக்கி பேச்சில் வந்துவிடும். யாரோ எங்கோ சுட்ட குண்டு சம்பந்தமே இல்லாத ஒருவர்மேல் பாய்கிற காட்சி என்றால் எழுத எல்லோருக்கும் ஆசை, கூடவே ஒரு பயம். திரும்பத் திரும்ப அதே சந்தேகங்கள்தான் வருகின்றன என்பதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். மேலே சொன்னதைக் கீழே மறுபடி சொல்லவில்லை, அதனால் வரிசையாகப் படித்தால் நல்லது.

1. குறி தவறிய குண்டுன்னா என்ன கணக்கு? தெரியாம சுட்டுட்டாலும் அதுல சேருமா?

கதைக்கு நாலு விதம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒருவரைக் குறி வைத்து இன்னொருவர்மேல் பட்டது. யாரையும் குறி வைக்காமல், சும்மா வானத்தைப் பார்த்தோ, துப்பாக்கி வேலை செய்கிறதா என்று பார்க்கவோ சுட்டது. யாரும் சுடாமலே, கை நழுவி விழுந்து தானாக வெடித்தது. நாலாவது, குறியெல்லாம் சரி, ஆனால் எதிரே இருப்பது வேறு ஏதோ என்று நினைத்துச் சுட்டது.

நாலாவதைச் சிலர் ஒத்துக்கொள்வதில்லை, அங்கே தவறியது குண்டில்லையே, கண்தானே என்பார்கள். வாதம் சரிதான். ஆனாலும் எழுதுகிறவருக்கு நாலிலும் ஒரே சிக்கல்தான் வருகிறது: சுட்டவருக்கும் செத்தவருக்கும் பகை கிடையாது, அப்படியிருந்தும் வாசகர் நம்ப வேண்டும், நம்பிவிட்டு "அட, என்ன கதை விடுகிறான்" என்று சிரிக்காமல் இருக்க வேண்டும். அதனால் நாலையும் சேர்த்தே பேசுகிறேன்.

2. இதெல்லாம் சினிமா வந்த பிறகு கிளம்பின விஷயம்தானே?

துப்பாக்கி வருவதற்கே ரொம்ப முந்தியது. தசரதனை எடுத்துக்கொள்ளுங்கள். சத்தத்தை வைத்தே அம்பு விடத் தெரிந்தவன், அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. இருட்டில் குடத்தில் நீர் மொள்ளும் சத்தம், யானை தண்ணீர் குடிக்கிறது என்று நினைத்து விட்டுவிடுகிறான். பட்டது கண் தெரியாத தாய் தந்தைக்குத் தண்ணீர் எடுக்க வந்த பிள்ளைமேல். அந்தத் தகப்பன் கொடுத்த சாபம்தான் பிற்பாடு மகனைப் பிரிந்து தசரதன் உயிர் விடுவதில் வந்து முடிகிறது.

கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் கி.மு. 5-ம் நூற்றாண்டில் எழுதி வைத்த ஒரு கதை இருக்கிறது, எனக்கு இது இன்னும் பிடிக்கும். லிடியா நாட்டு அரசன் குரோசஸ் தன் மகன் இரும்பு முனை பட்டுச் சாவதாகக் கனவு காண்கிறான். சுவரில் மாட்டியிருந்த ஆயுதங்களைக்கூடக் கழற்றி உள்ளே வைத்துவிடுகிறான். மகனோ காட்டுப்பன்றி வேட்டைக்குப் போக வேண்டும் என்று நிற்கிறான்: பன்றிக்கு ஏது கை, அது எப்படி ஈட்டி எறியும்? நியாயம்தானே என்று அனுப்புகிறான் தகப்பன், காவலுக்கு அட்ராஸ்டஸ் என்று ஒருவனையும் கூட அனுப்புகிறான். பன்றியைப் பார்த்து ஈட்டியை எறிகிறவன் அந்தக் காவலன்தான். குறி தவறி மகன்மேல் பாய்கிறது.

பாகவதத்தில் கிருஷ்ணனின் முடிவும் இந்த வகைதான். வேடன் ஒருவன் பாதத்தை மான் என்று நினைத்து அம்பு விடுகிறான். அந்த அம்பு முனையின் வரலாறு இருக்கிறதே, அது தனிக்கதை. சாபத்தால் பிறந்த இரும்பு உலக்கையைப் பொடியாக்கிக் கடலில் கரைக்கிறார்கள், மிஞ்சிய துண்டை மீன் விழுங்குகிறது, மீன் வலையில் சிக்குகிறது, துண்டு வேடன் கைக்குப் போகிறது. ஒரு தோட்டா எங்கிருந்து கிளம்பி யார் யார் கை மாறி வந்தது என்று இன்றைக்கு நாம் எழுதுகிற கதைகளுக்கு இதைவிட நல்ல முன்னோடி கிடைக்காது.

3. இப்படி நடக்க லட்சத்துல ஒரு வாய்ப்புகூட இல்லையே. வாசகர் எப்படி நம்புவார்?

எனக்கு அதிகம் வருவது இந்தக் கேள்விதான். வாய்ப்பு குறைவு என்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், வாசகர் கால்குலேட்டரோடு உட்காருவதில்லை. அவருக்குள் எழும் கேள்வி வேறு: அந்த ஆள் அந்த நேரத்தில் ஏன் சுட்டான்? இதற்குப் பதில் இருந்தால் குண்டு எங்கே போனாலும் கூட வருவார். பதில் இல்லையென்றால் பத்தடி தூரத்தில் பட்டால்கூட நம்ப மாட்டார்.

2006-ல் வந்த 'பாபெல்' படத்தில் மொராக்கோ மலையில் இரண்டு பையன்கள், ஆடுகளை நரியிடமிருந்து காப்பாற்ற அப்பா வாங்கிக் கொடுத்த ரைஃபிளை வைத்துக்கொண்டு, இது மூன்று கிலோமீட்டர் பாயும் என்று விற்றவன் சொன்னது உண்மையா என்று சோதிக்கிறார்கள். கீழே சாலையில் ஒரு பேருந்து வருகிறது. அதற்குள் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருக்கும் ஒரு பெண். அந்தக் காட்சியில் தற்செயல் என்று சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அவர் உட்கார்ந்த இடம். மற்றது எல்லாமே, துப்பாக்கி வாங்கியது, விற்றவன் பீற்றிக்கொண்டது, அண்ணன் தம்பி போட்டி, எந்த வீட்டிலும் நடக்கக்கூடியது.

ஆக, சுட்டவர் பக்கம் முழுக்கக் காரணம் இருக்கட்டும், பட்டவர் பக்கம் முழுக்கத் தற்செயலாக இருக்கட்டும். சந்தேகம் வந்தால் இப்படிச் சோதித்துப் பாருங்கள்: செத்தவரைக் காட்சியிலிருந்து தூக்கிவிட்டுப் படியுங்கள். அந்தத் துப்பாக்கி அப்போதும் வெடிக்குமா? வெடிக்கும் என்றால் காட்சி நிற்கும். அவர் சாவதற்காக மட்டுமே வெடிக்கிறது என்றால் எழுதியவரின் விரல்தான் விசையில் இருக்கிறது, அது வாசகருக்கும் தெரிந்துவிடும். இனிமேல் "தூக்கிப் பார்க்கும் சோதனை" என்று நான் சொன்னால் இதைத்தான் சொல்கிறேன்.

4. கதைல எந்த இடத்துல வைக்கலாம்? ஆரம்பமா, கிளைமாக்ஸா?

ஆரம்பத்தில் வைத்தால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. முதல் பக்கத்தில் நடப்பதை வாசகர் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்வார், "சரி, இப்படி ஒன்று நடந்துவிட்டது, மேலே சொல்" என்பார். இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் 'லா ஃபோர்ஸா டெல் டெஸ்டினோ' என்ற ஓபரா (பாட்டாகவே நடக்கும் நாடகம்), 1862-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அரங்கேறியது, அப்படித்தான் தொடங்குகிறது. காதலியின் தகப்பனிடம் சரணடைவதற்காகக் காதலன் கைத்துப்பாக்கியைத் தரையில் வீசுகிறான், அது வெடித்து அந்தத் தகப்பனைக் கொன்றுவிடுகிறது. மிச்ச ஓபரா முழுக்கவும் (கொஞ்சம் நீளம்தான்) அதன் விளைவுதான்.

கதைக்கு முன்பே நடந்ததாக வைத்துவிட்டு, தாமதமாகச் சொல்வது இன்னொரு வழி. தசரதன் அந்தப் பழைய கதையைக் கோசலையிடம் சொல்வது ராமனைக் காட்டுக்கு அனுப்பிவிட்டுச் சாகக் கிடக்கும்போது. அந்த இடத்தில் அது தற்செயலாகவே தெரிவதில்லை, பழைய கடன் திரும்பி வந்த மாதிரி இருக்கிறது.

கடைசியில் வைப்பதுதான் கடினம். இருநூறு பக்கம் வளர்த்த சண்டையை எங்கிருந்தோ வந்த ஒரு குண்டு முடித்து வைத்தால், அந்த இருநூறு பக்கம் எதற்கு என்று வாசகர் கேட்பார், கேட்கத்தான் செய்வார். குரோசஸ் கதை மாதிரி, தடுக்க எடுத்த முயற்சிகளே அங்கே கொண்டுவந்து சேர்த்தால் மட்டும் கடைசியிலும் நிற்கும்.

5. வில்லன்மேல தவறிப் பாய்ஞ்சு அவன் செத்துட்டா?

வேண்டாம். சிக்கலை உண்டாக்கும் தற்செயலை வாசகர் மன்னிப்பார், சிக்கலைத் தீர்த்து வைக்கும் தற்செயலை மன்னிக்க மாட்டார். நகைச்சுவைக் கதை என்றால் தாராளமாகச் செய்யுங்கள்.

6. சுவத்துல துப்பாக்கி தொங்கினா அது வெடிச்சே ஆகணும்னு செகாவ் சொன்னாரே. அப்ப முன்னாடியே காட்டணுமா? காட்டினா ஊகிச்சிடுவாங்களே?

ரஷ்ய எழுத்தாளர் செகாவ் 1889-ல் ஒரு கடிதத்தில் அந்தக் கருத்தை எழுதினார்: சுடப் போவதில்லை என்றால் குண்டு போட்ட துப்பாக்கியை மேடையில் வைக்காதே. சுடப் போகிறோம் என்றால் காட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் எதற்காக இருக்கிறது என்று காட்டுவது நம் கையில்.

பெரும்பாலும் தவறு நடப்பது துப்பாக்கியைக் காட்டுவதில் கிடையாது, பலியாகப் போகிறவரைக் காட்டுவதில். இரண்டாம் பக்கத்தில் துப்பாக்கி, மூன்றாம் பக்கத்தில் பாவாடை பறக்க ஓடி விளையாடும் சிறுமி, அவள் அம்மா முகத்தில் ஒரு புன்னகை. முடிந்தது, எல்லோரும் ஊகித்துவிடுவார்கள். அதற்குப் பதில் துப்பாக்கிக்கு ஒரு வேலை கொடுங்கள், அந்த வேலைக்குள்ளேயே ஒரு கவலையையும் வைத்துவிடுங்கள். காவலாளியின் துப்பாக்கி என்றால் அது திருடு போய்விடுமோ, உரிமம் புதுப்பிக்க மறந்துவிட்டாரே, வேலை போய்விடுமோ என்று வாசகரைக் கவலைப்பட வைக்கலாம். அவர் அந்தக் கவலையில் இருக்கும்போது வெடித்தால், திடுக்கிடவும் செய்வார், திரும்பிப் பார்த்து "ஆமாம், இருந்ததே" என்றும் ஒத்துக்கொள்வார்.

7. ஒரு குண்டு எவ்வளவு தூரம் போகும்? நான் ரெண்டு தெரு தள்ளி படுற மாதிரி எழுதியிருக்கேன், ஓவரா?

ஓவர் இல்லை, சொல்லப்போனால் நீங்கள் கஞ்சம். சாதாரண 9 மி.மீ. கைத்துப்பாக்கிக் குண்டே சாய்வாக மேல்நோக்கிச் சுட்டால் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் போகும். ராணுவ ரைஃபிள் குண்டு மூன்று கிலோமீட்டரைத் தாண்டும். சுடப் பழகுகிறவர்கள் வைத்திருக்கும் சின்ன .22 தோட்டாவின் பெட்டியிலேயே ஒரு மைல், ஒன்றரை மைல் வரை ஆபத்து என்று எச்சரிக்கை அச்சிட்டிருப்பார்கள்.

குறி பார்த்துச் சுடக்கூடிய தூரம் வேறு, குண்டு ஆளைக் கொல்லக்கூடிய தூரம் வேறு. கைத்துப்பாக்கியால் ஐம்பது மீட்டரில் ஒரு ஆளை அடிப்பதே பலருக்குச் சிரமம். அந்த ஐம்பதுக்கும் ஆயிரத்து ஐந்நூறுக்கும் நடுவில் இருக்கிற இடம் முழுக்க, யாரும் குறி வைக்காத ஆட்கள் இருக்கிறார்கள். உங்கள் கதை அங்கேதான் நடக்கிறது.

8. வானத்தைப் பார்த்து சுட்டா குண்டு கீழ வந்து ஆளைக் கொல்லுமா? கொல்லாதுன்னு ஒருத்தர் அடிச்சு சொல்றார்.

கொல்லும் என்பதிலும் கொல்லாது என்பதிலும் பாதி பாதி உண்மை. நேர் செங்குத்தாகச் சுட்டால் குண்டு மேலே போய் ஒரு கணம் நின்று, பிறகு வெறும் எடையாக விழும். காற்றின் தடையால் ஒரு வேகத்துக்கு மேல் கூடாது. முதல் உலகப்போருக்குப் பிறகு அமெரிக்க ராணுவத்தின் ஜூலியன் ஹாட்சர் செய்த சோதனைகளில் .30 ரகக் குண்டு விழும் வேகம் விநாடிக்குச் சுமார் 90 மீட்டர் என்று கண்டார்கள். கிளம்பும்போது இருந்ததில் ஒன்பதில் ஒரு பங்குக்கு நெருக்கம். ஆனால் தோலைக் கிழிக்க விநாடிக்கு 60 மீட்டரே போதும், அதனால் தலையில் விழுந்தால் விளையாட்டு கிடையாது.

அப்புறம், கொண்டாட்டத்தில் யாரும் செங்குத்தாகச் சுடுவதில்லை. கை சாய்வாகத்தான் நிற்கும். சாய்வாகப் போன குண்டு சுழற்சியை இழக்காமல் வளைந்து வந்து இறங்கும், வேகமும் கூடுதலாக இருக்கும். லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு மருத்துவமனையில் 1985 முதல் 1992 வரை இப்படி விழுந்த குண்டால் அடிபட்டு வந்தவர்கள் 118 பேர், அதில் 38 பேர் இறந்தார்கள். பெரும்பாலோருக்குத் தலையில் காயம். கொல்லாது என்று அடித்துச் சொல்கிறவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

எழுதும்போது ஒன்று கவனியுங்கள். செங்குத்தாகச் சுட்ட ரைஃபிள் குண்டு மேலே போய்க் கீழே வர ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகும். அதற்குள் சுட்டவர் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு பக்கத்திலிருப்பவரிடம் சிரித்துப் பேச ஆரம்பித்திருப்பார். இதைப் பயன்படுத்திக்கொண்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

9. சத்தம் முதல்ல கேட்குமா, குண்டு முதல்ல படுமா?

ரைஃபிள் என்றால் குண்டு முதலில். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும், ரைஃபிள் குண்டு 700, 800, சில ரகங்கள் 900 மீட்டருக்கு மேலேயும் கிளம்பும். நானூறு மீட்டர் தள்ளிச் சுட்டால் குண்டு பட்டு அரை விநாடி கழித்துத்தான் வெடிச்சத்தம் வரும். ஒலியைவிட வேகமாகப் போகும் குண்டு கடந்து போகிற வழியில் சாட்டையைச் சொடுக்கினாற்போல் ஒரு சத்தம் தனியாகக் கேட்கும்.

மொட்டைமாடியில் ஒரு பெண் காய்ந்த போர்வையை மடித்துக்கொண்டிருக்கிறார், மறுமுனையை மகன் பிடித்திருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். பையனுக்குக் காதருகே சடீர் என்று ஏதோ கேட்கிறது. அம்மா போர்வையை விடாமலே உட்காருகிறார். பையன் கையிலிருந்த முனை இழுபடுகிறது, "ஏம்மா இழுக்கிற" என்று அவன் கேட்பதற்குள் தூரத்தில் டப் என்று மந்தமாக ஒரு சத்தம், யாரோ கதவைச் சாத்தின மாதிரி. பையன் அந்தச் சத்தம் வந்த பக்கம் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. வழக்கமாக எல்லோரும் எழுதுவது "டுமீல் என்ற சத்தம், மறுகணம் அம்மா சரிந்தாள்". சொற்கள் அதேதான், வரிசை மாறினதும் காட்சி வேறாகிவிடுகிறது.

கைத்துப்பாக்கிக்கு இந்தக் கணக்கு மாறும். அதன் குண்டு சீக்கிரம் வேகம் இழந்துவிடும், ஒரு கிலோமீட்டர் போவதற்குள் சத்தம் அதை முந்திவிடும். அங்கே "எங்கேயோ வெடிச் சத்தம் கேட்குது" என்று தலையைத் தூக்கிய பிறகுகூடக் குண்டு வந்து சேரலாம்.

10. சுவத்துல பட்டு, தூண்ல பட்டு, திரும்பி வந்து ஆளு மேல படுற மாதிரி வைக்கலாமா?

ஒரு தடவை தெறிக்கலாம். கேரம் காய் மாதிரி இரண்டு மூன்று இடத்தில் பட்டுத் திரும்பி வருவது எழுதுகிறவரின் கைவேலைதான். கடினமான பரப்பில் சாய்வாகப் பட்ட குண்டு, வந்த கோணத்திலேயே திரும்புவதில்லை. பெரும்பாலும் அதைவிடத் தாழ்வாக, சுவரை ஒட்டியே ஓடும். நசுங்கியிருக்கும், தலைகீழாகப் புரண்டுகொண்டு போகும், வேகமும் குறைந்திருக்கும். ஆபத்து என்று பதறி சுவரோடு ஒட்டி நின்றவர் அந்தக் காரணத்தாலேயே அடிபடுவது நடக்கக்கூடியது, கதைக்கும் நல்லது. ரொம்பச் சாய்வாகப் பட்டால் தண்ணீர்ப் பரப்பில்கூடத் தெறிக்கும்.

தெறிப்பதைவிட அதிகம் நடப்பது துளைத்துப் போவது. மரக்கதவு, மெல்லிய தடுப்புச் சுவர், கார்க் கதவு எல்லாம் குண்டுக்கு ஒரு பொருட்டே கிடையாது. கவிழ்த்துப் போட்ட சோபாவுக்குப் பின்னால் பதுங்குவது படத்துக்கு மட்டும்.

11. கீழ விழுந்த துப்பாக்கி தானா வெடிக்குமா?

காலத்தைப் பொறுத்தது. பழைய ரிவால்வர்களில் சுத்தியல் நேராகத் தோட்டாமேல் உட்கார்ந்திருக்கும், விழுந்தால் வெடிக்கும், அதனாலேயே சுத்தியலுக்கு நேரே வரும் அந்த ஒரு தோட்டா அறையைக் காலியாக விட்டு வைத்திருப்பார்கள். 4-ல் சொன்ன ஓபரா 18-ம் நூற்றாண்டில் நடக்கிறது, அந்தக் காலத்துக் கைத்துப்பாக்கி வீசினதும் வெடித்தது என்றால் யாரும் புருவம் உயர்த்த வேண்டியதில்லை. இன்றைய நல்ல துப்பாக்கிகளில் விழுந்தால் வெடிக்காமலிருக்க உள்ளேயே தடுப்பு வைத்திருக்கிறார்கள். இன்றைய கதையில் இது வேண்டும் என்றால் தேய்ந்த, சரியாகப் பார்க்கப்படாத துப்பாக்கி என்பதை முன்பே எங்காவது சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால், விழும்போது அவசரமாகப் பிடிக்கப் போய் விரல் விசையில் பட்டது என்று வையுங்கள், அதற்கு விளக்கமே வேண்டாம்.

12. குண்டு பட்டவர் தூக்கி எறியப்படுவாரா? கடைசியா ரெண்டு வசனம் பேசலாமா?

தூக்கி எறியப்பட மாட்டார். 9 மி.மீ. குண்டின் எடை 8 கிராம்தான். அதன் உந்தம் முழுவதையும் 60 கிலோ ஆள் வாங்கிக்கொண்டாலும் விநாடிக்கு ஐந்து சென்டிமீட்டர் நகர்வார், அவ்வளவே. விழுவது கால் துவள்வதால், அல்லது பயத்தால்.

தன்மேல் குண்டு பாய்ந்ததே பலருக்குச் சட்டென்று தெரிவதில்லை. சண்டை எதுவும் இல்லாத இடத்தில் யாருக்குத்தான் குண்டு என்று தோன்றும்? யாரோ கல்லெறிந்தார்கள், முதுகில் குத்தினார்கள் என்றுதான் திரும்பிப் பார்ப்பார்கள். வசனம் வேண்டும் என்றால் அந்தக் குழப்பத்தில் இருந்து வரட்டும். "யாருடா அது" என்று எரிச்சலாகக் கேட்கிற ஒரு வார்த்தை, தத்துவம் பேசும் இரண்டு பத்தியைவிட எவ்வளவோ மேல்.

13. யார் பக்கம் நின்னு சொல்றது? சுட்டவரா, பட்டவரா?

கேட்கிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் பட்டவர் பக்கம் நின்று எழுதியிருப்பார்கள். அனுதாபம் அங்கே இருக்கிறது, இயல்புதான். ஆனால் பட்டவருக்குச் செய்ய ஒன்றுமில்லை. அவர் கதை அந்தக் கணத்தில் முடிகிறது, அல்லது மருத்துவமனைக்குப் போகிறது. சுட்டவருக்கோ கதை இனிமேல்தான் ஆரம்பம், அதுவும் தான் என்ன செய்தோம் என்றே தெரியாமல்.

அந்தத் தெரியாத நேரம்தான் எனக்கு இந்த விஷயத்தில் எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுகிறது. சுட்டுவிட்டு வீட்டுக்கு வருகிறார். துப்பாக்கியைத் துணியால் துடைக்கிறார், குழலுக்குள் தூரிகையை விட்டு இழுக்கிறார், விரலில் எண்ணெயும் கரிமருந்தும் கலந்த வாசனை. சோப்புப் போட்டும் போகவில்லை, மறுபடி போடுகிறார். மனைவி எதற்கோ திட்டுகிறார். தூங்குகிறார், நன்றாகவே தூங்குகிறார். மறுநாள் காலை யாரோ வாசலில் நின்று "நேத்து அந்தப் பக்கம் ஒரு பையன்..." என்று ஆரம்பிக்கும்போது இவர் வாயில் பல்துலக்கி. வாசகருக்கு ராத்திரியே தெரியும். ஒரு சம்பவமும் நடக்காத அந்தப் பத்துப் பக்கத்தை ஒருத்தரும் கீழே வைக்க மாட்டார்கள்.

இரண்டு பக்கமும் மாறி மாறிச் சொல்லலாமா என்றால் நீளக் கதைக்குச் சரி. சிறுகதைக்கு ஒரு பக்கம் போதும்.

14. ஒரு குழந்தையைக் கொன்னா அழுத்தமா இருக்கும்னு நினைச்சேன். மலிவா இருக்குன்னு சொல்லிட்டாங்க.

குழந்தை என்பதால் மலிவாகவில்லை. அழ வைப்பதற்காக மட்டும் அந்தக் குழந்தை கதைக்குள் வந்திருக்கும். 3-ல் சொன்ன தூக்கிப் பார்க்கும் சோதனையைத் திருப்பிப் போடுங்கள்: இப்போது குண்டைத் தூக்கிவிட்டுப் படியுங்கள். அந்தக் குழந்தைக்கு அன்று சாயங்காலம் செய்ய ஏதாவது வேலை இருந்ததா? வாங்கி வரச் சொன்ன சாமான், அண்ணனோடு பாதியில் விட்ட சண்டை, மறைத்து வைத்திருக்கும் கிழிந்த பரீட்சைத் தாள்? இருந்தால் அது பாதியில் நின்றுபோவதே போதும், நீங்கள் தனியாக அழ வேண்டியதில்லை. பெயரும் இரட்டைச் சடையும் தவிர ஒன்றும் இல்லை என்றால் சொன்னவர்கள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

15. வேணும்னே செய்யல, அப்ப சுட்டவருக்குத் தண்டனை கிடையாதா?

1-ல் சொன்ன நாலு விதத்தில் எது என்பதைப் பொறுத்தது. ஒருவரைக் கொல்லச் சுட்டு இன்னொருவர் செத்தால் பல நாட்டுச் சட்டங்களும் அதைக் கொலையாகவே பார்க்கும், கொல்லும் எண்ணம் அங்கிருந்து இங்கே மாறியதாகக் கணக்கு. ஆள் நடமாட்டம் இருக்கும் என்று தெரிந்தும் அலட்சியமாகச் சுட்டால் தண்டனை குறையும், ஆனால் உண்டு. யாரும் எதிர்பார்த்திருக்கவே முடியாத விபத்து என்றால் விட்டுவிடுவார்கள். எந்த நாட்டில் கதை நடக்கிறதோ அந்த நாட்டுச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

2024 வரை நடைமுறையில் இருந்த 1860-ம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 299-வது பிரிவுக்குக் கீழே ஒரு எடுத்துக்காட்டு கொடுத்திருந்தார்கள். ஒருவன் கோழியைத் திருடுவதற்காக அதைச் சுடுகிறான், புதருக்குப் பின்னால் இருந்த ஒருவர் செத்துப்போகிறார், அங்கே ஆள் இருப்பது அவனுக்குத் தெரியாது. திருட்டுக்காகச் சுட்டது சட்ட விரோதம்தான், ஆனால் அது மரணம் விளைவிக்கும் குற்றம் ஆகாது என்றது அந்தச் சட்டம். இரண்டு மூன்று வரியில் ஒரு சிறுகதையே இருக்கிறது. புதருக்குப் பின்னால் அந்த ஆள் என்ன செய்துகொண்டிருந்தார் என்று யாராவது எழுதினால் நான் படிப்பேன்.

சட்டம் விட்டுவிட்டது என்பதால் கதை விடாது. குரோசஸ் அட்ராஸ்டஸை மன்னித்துவிடுகிறான். அவன்தான் தன்னை மன்னிக்காமல் அந்தச் சமாதியின்மேலேயே உயிரை மாய்த்துக்கொள்கிறான். அவன் ஏற்கெனவே தெரியாமல் சொந்தச் சகோதரனைக் கொன்றுவிட்டு அடைக்கலம் தேடி வந்தவன் என்பதையும் சேர்த்துப் படித்தால் இன்னும் வலிக்கும்.

16. சுட்டது யாருன்னு கடைசி வரைக்கும் சொல்லாமலே விட்டுடலாமா?

விடலாம், ஆனால் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எழுதுகிறவருக்கே தெரியாவிட்டால் குண்டு வந்த திசைகூட மாறி மாறி வரும், ஒரு பக்கத்தில் மேற்கிலிருந்து வந்த குண்டு அடுத்த அத்தியாயத்தில் கிழக்குச் சுவரில் துளை போட்டிருக்கும். விசாரணைக் கதை என்று ஆரம்பித்துவிட்டு விடை சொல்லாமல் விடுவது வேறு, அது ஏமாற்று. குடும்பம் எப்படித் தாங்கிக்கொள்கிறது என்பதுதான் கதை என்று ஆரம்பத்திலேயே புரியவைத்துவிட்டால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள்.

17. இது நிஜமாவே நடந்ததுங்க, செய்தில படிச்சேன். அப்படியே எழுதியும் யாரும் நம்பலையே?

நிஜமாக நடந்தது என்பது செய்திக்குப் போதும், கதைக்குப் போதாது. செய்தியில் "தவறுதலாகப் பாய்ந்த குண்டில் இளைஞர் பலி" என்ற ஒரு வரியோடு விட்டுவிடலாம், ஏன் சுட்டார் என்று எழுதியவருக்கே தெரிந்திருக்காது. அந்த வரியை எடுத்து வைத்தால் 3-ல் சொன்ன இடத்தில் ஓட்டை விழத்தான் செய்யும். அந்த ஓட்டையை நீங்கள் கற்பனை செய்து அடைக்க வேண்டும். அப்படி அடைக்கும்போது ஆளும் ஊரும் வேறாகட்டும், உயிரோடு இருக்கிற குடும்பத்தின் துக்கத்தை அடையாளம் தெரிகிற மாதிரி எழுதாதீர்கள்.

இதற்கு நேர் எதிரானதும் நடந்திருக்கிறது. அமெரிக்கத் தடயவியல் அறிவியல் கழகத்தின் தலைவராக இருந்த டான் ஹார்ப்பர் மில்ஸ் 1987-ல் ஒரு விருந்துப் பேச்சில் ஒரு கதை சொன்னார். பத்து மாடிக் கட்டடத்திலிருந்து ஒருவன் குதிக்கிறான். ஜன்னல் துடைப்பவர்களுக்காகக் கீழே வலை கட்டியிருக்கிறார்கள், பிழைத்திருப்பான். ஆனால் ஒன்பதாவது மாடியைக் கடக்கும்போது உள்ளே ஒரு கிழவர் மனைவியை மிரட்டிச் சுட்ட குண்டு, அவர்மேல் படாமல் ஜன்னல் வழியே வந்து இவன்மேல் பாய்கிறது. குண்டு போடாத துப்பாக்கியைக் காட்டி மிரட்டுவது அந்தக் கிழவருக்கு வழக்கம், அன்றைக்கும் காலி என்றே நினைத்திருந்தார். குண்டு போட்டு வைத்தது யார்? பணம் கொடுக்க மறுத்த அம்மா சாகட்டும் என்று அவர்கள் மகன். குதித்தவன் அந்த மகன்தான்.

சட்டம் எப்படியெல்லாம் முறுக்கிக்கொள்ளும் என்று காட்டுவதற்காக மில்ஸ் அதை இட்டுக்கட்டினார். 1994 வாக்கில் அது இணையத்தில் உண்மைச் சம்பவமாகவே சுற்ற ஆரம்பித்தது, நம்பியவர்கள் ஏராளம், 1999-ல் ஒரு ஹாலிவுட் படத்தின் தொடக்கத்திலும் வந்தது. குதித்தவனைத் தூக்கிவிட்டுப் படியுங்கள், கிழவரின் துப்பாக்கி அப்போதும் வெடிக்கும்.